சித்தம்பூண்டி குரோமைட்டுப் படுகைகள்

சித்தம்பூண்டி குரோமைட்டுப் படுகைகள் என்பவை தமிழ்நாட்டின் நாமக்கல் மாவட்டத்தில் உள்ள சித்தம்பூண்டி அடுக்குத் தீப்பாறைத் தொகுதியில் காணப்படும், குரோமியம் மிகுந்த கருநிறப் பாறைப் பட்டைகள் ஆகும். வெண்ணிற அனார்த்தோசைட்டுப் பாறைக்கும் அதனோடு சேர்ந்த பைராக்சீனைட்டு முதலிய கரும்பாறைகளுக்கும் இடையே இவை அமைந்துள்ளன. இவற்றில் பிளாட்டினம், பல்லேடியம் உள்ளிட்ட பிளாட்டினக் குழுத் தனிமங்களும் மிகச் சிறிய அளவில் கலந்துள்ளன. ஏறத்தாழ 254 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவான இத்தொகுதி, உலகின் பழமையான அனார்த்தோசைட்டுத் தொகுதிகளுள் ஒன்றாகும்.

குரோமைட்டு அரிய கனிமம் அன்று. எரிமலைக் குழம்பு குளிரும்போது சிறிதளவு குரோமைட்டு தோன்றுவது இயல்பே. ஆனால் அது பிற கனிமங்களுடன் கலவாமல் தனித்து, ஒரு முழுப் படுகையாக எவ்வாறு திரள்கிறது என்பது நூறாண்டுகளாக நிலவியலாளர்களிடையே விவாதிக்கப்பட்டு வரும் கேள்வியாகும். உலகின் பிளாட்டினத்தில் பெரும்பகுதி இத்தகைய படுகைகளிலும் அவற்றை அடுத்துள்ள பாறைகளிலும் இருந்தே கிடைப்பதால், இக்கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வியாக நின்றுவிடவில்லை.

அமைவிடமும் நிலவியல் சூழலும்

சித்தம்பூண்டி என்னும் சிற்றூர் திருச்செங்கோட்டுக்குத் தெற்கே, பரமத்தி வேலூருக்குச் செல்லும் வழிப்பகுதியில் உள்ளது. தீப்பாறைத் தொகுதி இவ்வூரின் பெயரைப் பெற்றிருந்தாலும், அது காவிரியின் அருகிலிருந்து கிழக்கு வடகிழக்காக 30 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கிறது. அகலம் பெரும்பாலும் இரண்டு கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. மலையாக உயர்ந்து நில்லாமல் விளைநிலங்களுக்கு இடையே தாழ்ந்த பாறை முகடுகளாகவே இது தென்படுகிறது. ஆகவே வழிப்போக்கர் கண்ணில் இது படுவது அரிது.

இத்தொகுதியின் சூழலைப் புரிந்துகொள்ள, கிழக்கே கள்ளக்குறிச்சி வரையுள்ள நிலப்பரப்பைச் சேர்த்துப் பார்த்தல் நலம். சித்தம்பூண்டியிலிருந்து நேர்கோட்டில் சுமார் 130 கிலோமீட்டர் தொலைவில் கள்ளக்குறிச்சி நகரமும், அதன் மேற்கே கல்வராயன் மலையும் அமைந்துள்ளன. கல்வராயன் மலை பெரும்பாலும் சார்னோக்கைட்டு என்னும் பாறையால் ஆனது. மலையின் தெற்கே வசிட்ட நதி பாயும் ஆத்தூர்ப் பள்ளத்தாக்கு ஓர் இயற்கைப் பள்ளம் மட்டும் அன்று; மோயாறு, பவானி வழியாக ஆத்தூர் வரை தொடரும் பெரும் நறுக்கு மண்டலத்தின் கிழக்குப் பகுதி அது. நறுக்கு மண்டலம் என்பது இரு நிலத்துண்டுகள் ஒன்றையொன்று உராய்ந்து நகர்ந்ததன் தழும்பு எனலாம்.

கல்வராயன், சேர்வராயன் மலைகளின் சார்னோக்கைட்டும் சித்தம்பூண்டியின் அனார்த்தோசைட்டும் தோற்றத்தில் வேறுபட்டவை. எனினும் இரண்டும் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் புவியோட்டின் ஆழத்தில் கடும் வெப்பத்துக்கு உட்பட்டவை. பின்னர் அரிப்பினால் மேற்பரப்புக்கு வந்தவை. அதாவது இன்று கல்வராயன் மலையில் நிற்பவர், ஒரு காலத்தில் பல கிலோமீட்டர் ஆழத்தில் இருந்த பாறையின் மேல் நிற்கிறார். கல்வராயன் மலை குரோமைட்டுக்குப் பெயர்பெற்றதன்று. சார்னோக்கைட்டில் சிலிக்கா மிகுதி. குரோமைட்டுக்கோ சிலிக்கா குறைந்த, மக்னீசியம் மிகுந்த பாறைக்குழம்பு வேண்டும். அத்தகைய குழம்பு நுழைந்த இடங்கள் இந்நிலப்பரப்பில் சிலவே. சித்தம்பூண்டி ஒன்று, சேலம் நகரை அடுத்த சுண்ணாம்புக்கரடு என்னும் மக்னசைட்டுப் பகுதி மற்றொன்று. மேற்கே மேட்டுப்பாளையத்தை ஒட்டிய தொகுதியும் இவ்வகையினது.

ஆய்வு வரலாறு

இப்பகுதியின் கனிமங்களுள் முதலில் வெளியுலகின் கவனத்தைப் பெற்றது குரோமைட்டு அன்று, குருந்தம் ஆகும். சாணை பிடிக்கப் பயன்பட்ட இக்கடினக் கல்லின் தமிழ்ப் பெயரே ஆங்கிலம் உள்ளிட்ட ஐரோப்பிய மொழிகளில் அக்கனிமத்தின் பெயராக நிலைத்துவிட்டது. பிரெஞ்சுக் கனிமவியலாளர் கவுன்ட் டி பூர்னோன் 1802இல் கர்நாடகப் பகுதிக் குருந்தத்தைப் பற்றி எழுதிய ஆய்வுரையில், அக்கல் பதிந்திருந்த வெண்ணிறத் தாய்ப்பாறையையும் விவரித்தார். அவ்வெண்கனிமம் பின்னர் 'இந்தியனைட்டு' எனப் பெயர் பெற்றது. 1823இல் செருமானியரான குசுத்தாவ் ரோசு விவரித்த அனார்த்தைட்டும் இதுவும் ஒன்றே என்பது பிற்காலத்தில் தெளிவானதால், இந்தியனைட்டு என்ற பெயர் வழக்கொழிந்தது.

வில்லியம் கிங், ராபர்ட் புரூசு பூட் ஆகிய இருவரும் திருச்சிராப்பள்ளி, சேலம், தென்னார்க்காடு மாவட்டப் பகுதிகளின் நிலவியலை ஆராய்ந்து 1864இல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் வெளியீடாக வழங்கினர். அன்றைய தென்னார்க்காட்டில் கள்ளக்குறிச்சி வட்டமும் அடங்கியிருந்தது. (கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 26 அன்று.) சென்னையை அடுத்த பல்லாவரம், பரங்கிமலைப் பாறைகளை ஆராய்ந்த தாமசு ஆலந்து, கல்கத்தாவில் உள்ள யோபு சார்னோக்கின் கல்லறையில் பயன்பட்ட பாறையை ஒட்டி, சார்னோக்கைட்டு என்ற பெயரை 1893இல் சூட்டினார்.

சித்தம்பூண்டியைப் பொறுத்தவரை திருப்புமுனை 1956இல் வந்தது. அவ்வாண்டு ஏ. பி. சுப்பிரமணியம் அமெரிக்கப் புவியியல் கழக இதழில் வெளியிட்ட விரிவான கட்டுரை, இங்குள்ள அனார்த்தோசைட்டு, குரோமைட்டு, பைராக்சீனைட்டு ஆகியவை தனித்தனிப் பாறைகள் அல்ல, ஒரே பாறைக்குழம்பு அறையில் அடுக்கடுக்காகப் படிந்து பின்னர் உருமாறிய ஒரே குடும்பம் என்று எடுத்துக்காட்டியது. அன்று இது பழைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. நாமக்கல் மாவட்டம் 1997இல்தான் உருவானது. ஆகவே பழைய நூல்களில் தேடுவோர் சேலம் என்ற தலைப்பின் கீழ்த் தேடவேண்டும்.

1975இல் விண்ட்லி, செல்வன் ஆகியோர் தமிழ்நாட்டு அனார்த்தோசைட்டுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். வயதைப் பொறுத்து நெடுநாள் கருத்து வேறுபாடு இருந்தது. 1996இல் சமாரியம்-நியோடிமியம் முறையில் ஏறத்தாழ 293 கோடி ஆண்டுகள் என்ற வயது கிடைத்தது. 2013இல் வெளியான, சிர்க்கான் படிகங்களின் யுரேனியம்-ஈயக் காலக்கணிப்பு அதை 254 கோடி ஆண்டுகளாகக் குறைத்தது. உருமாற்றம் பெற்ற பாறையில் முழுப்பாறைக் கணிப்பைவிடச் சிர்க்கான் கணிப்பே நம்பத்தக்கது என்பதால், பின்னையதே இன்று பெரிதும் ஏற்கப்படுகிறது.

குரோமைட்டு

குரோமைட்டு என்பது இரும்பும் குரோமியமும் சேர்ந்த ஆக்சைடு கனிமம். இசுப்பினல் குழுவைச் சேர்ந்தது. ஓர் இரும்பு அணுவுக்கு இரண்டு குரோமியம் அணுக்களும் நான்கு ஆக்சிசன் அணுக்களும் என்பது அதன் தூய வடிவம். இயற்கையில் அது தூயதாக இருப்பதில்லை. இரும்பின் இடத்தில் மக்னீசியமும், குரோமியத்தின் இடத்தில் அலுமினியமும் மூவிணைதிற இரும்பும் எளிதில் புகுந்துகொள்ளும். குரோமியம் தனிமத்தை 1797இல் கண்டறிந்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் வாக்லென் ஆவார்; ஆனால் அவர் எடுத்துக்கொண்டது குரோமைட்டை அன்று, சைபீரியச் செவ்வீயத் தாதுவை.

மாணவர்கள் களத்தில் அடிக்கடி குழம்புவது குரோமைட்டுக்கும் மாக்னட்டைட்டுக்கும் இடையே ஆகும். இரண்டும் கரியவை, கனமானவை. சேலம், திருவண்ணாமலைப் பகுதிகளில் மாக்னட்டைட்டுக் குவார்ட்சைட்டு மிகுதியாகக் கிடைப்பதால் இக்குழப்பம் இங்கு இன்னும் அதிகம். மெருகிடாத பீங்கான் துண்டில் தேய்த்துப் பார்த்தால் ஐயம் தீரும்: குரோமைட்டு பழுப்புக் கோடு இடும், மாக்னட்டைட்டு கறுப்புக் கோடு இடும். மாக்னட்டைட்டு காந்தத்தை வலுவாக ஈர்க்கும். குரோமைட்டின் ஈர்ப்பு மிக மெலிது.

நூற்றுக்கு இரண்டு என்னும் சிக்கல்

மூடகத்தின் (கவசத்தின்) ஒரு பகுதி உருகி மேலெழும் பாறைக்குழம்பில் குரோமியம் மிகக் குறைவாகவே கரைந்திருக்கும். பொதுவாகப் பத்து இலட்சத்தில் சில நூறு பங்கு, மிகுந்தால் ஆயிரம் பங்கு அல்லது அதற்குச் சற்று மேல். குழம்பு குளிரும்போது ஒலிவினும் குரோமைட்டும் சேர்ந்தே படிகமாகத் தொடங்கும். அப்போது அவை தோன்றும் விகிதம் ஏறத்தாழ 98 பங்கு ஒலிவினுக்கு 2 பங்கு குரோமைட்டு. இயல்பாகக் குளிர்ந்த பாறையில் குரோமைட்டு ஆங்காங்கே தூவிய எள்போல் கிடப்பதன் காரணம் இதுவே. அப்படியானால் 2 விழுக்காடாக இருக்கவேண்டிய கனிமம் சில இடங்களில் 80, 90 விழுக்காடாக எப்படி ஆகிறது?

இதன் அளவை ஓர் எளிய கணக்கால் உணரலாம். ஒரு கன மீட்டர் செறிந்த குரோமைட்டுப் பாறையின் எடை ஏறத்தாழ 4,200 கிலோகிராம். அதில் குரோமியம் 30 விழுக்காடு எனக் கொண்டால் 1,260 கிலோகிராம். ஒரு கன மீட்டர் பாறைக்குழம்பின் எடை சுமார் 2,700 கிலோகிராம். அதிலிருந்து பத்து இலட்சத்தில் 500 பங்கு குரோமியத்தைப் பிரித்தெடுக்க முடிந்தால் கிடைப்பது 1.35 கிலோகிராம் மட்டுமே. ஆக, ஒரு மீட்டர் தடிப்புள்ள குரோமைட்டுப் படுகைக்கு ஏறத்தாழ 930 மீட்டர் உயரமுள்ள குழம்புத் தூண் தன் குரோமியத்தை ஈந்திருக்கவேண்டும். குழம்பில் குரோமியம் மிகுதி எனக் கொண்டாலும் பல நூறு மீட்டருக்குக் குறையாது.

இக்கணக்கிலிருந்து இரண்டு முடிவுகள் பெறப்படுகின்றன. ஒன்று, குழம்பு ஒரே இடத்தில் அசையாமல் கிடந்திருக்க முடியாது. புதுக்குழம்பு திரும்பத் திரும்ப வந்து, குரோமியத்தை விட்டுவிட்டு வெளியேறியிருக்க வேண்டும். மற்றொன்று, அவ்வாறு வந்த குழம்பிலிருந்து சிறிது நேரமாவது ஒலிவினோ பிற சிலிக்கேட்டுகளோ தோன்றாமல் குரோமைட்டு மட்டும் தோன்றியிருக்க வேண்டும். அல்லது தோன்றியபின் ஏதோ ஒன்று அவற்றைப் பிரித்திருக்க வேண்டும். கீழ்க்காணும் கருதுகோள்கள் யாவும் இவ்விரண்டாம் முடிவுக்கு விளக்கம் தேடுபவையே.

உருவாக்கம் பற்றிய கருதுகோள்கள்

இத்துறையில் பெரும்பாலான ஆய்வுகள் தென்னாப்பிரிக்காவின் புசுவெல்டு தொகுதியை அடிப்படையாகக் கொண்டவை. ஏறத்தாழ 205 கோடி ஆண்டுப் பழமையுடைய அத்தொகுதியில் குரோமைட்டுப் படுகைகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவுக்குத் தொடர்ந்து செல்கின்றன. அவற்றுள் 'யூஜி-2' எனப்படும் படுகை பெரும்பாலான இடங்களில் ஒரு மீட்டர் அளவே தடிப்புடையது. ஆயினும் உலகின் மிகப்பெரிய பிளாட்டின வளங்களுள் ஒன்று அதுவே.

கனேடிய நிலவியலாளர் இர்வைன் 1975இல் முன்வைத்த விளக்கம் எளிமையானது. குழம்பு மேலெழும்போது சுற்றியுள்ள சிலிக்கா மிகுந்த பாறையை உருக்கித் தன்னோடு கலந்துகொள்கிறது. அதனால் குழம்பின் இயைபு ஒலிவின் களத்திலிருந்து விலகிக் குரோமைட்டு மட்டும் படியும் களத்துக்குள் தள்ளப்படுகிறது. இரண்டாண்டுகளில் அவரே இதைத் திருத்தி, 1977இல் குழம்புக் கலப்புக் கருதுகோளை முன்வைத்தார். பாடநூல்களில் இன்றும் முதலிடம் பெறுவது இதுவே.

குழம்புக் கலப்பைப் புரிந்துகொள்ளத் தெவிட்டிய கரைசல் பற்றிய பள்ளிப்பாடம் போதும். வெப்பநிலை குறையக் குறையக் குழம்பில் குரோமியம் கரையும் அளவும் குறைகிறது. ஆனால் அது நேர்கோட்டில் குறைவதில்லை. உயர் வெப்பத்தில் செங்குத்தாகவும், பின்னர் மெதுவாகவும் குறைகிறது. விளக்கத்துக்காக மட்டும் சில எண்களைக் கொள்வோம். சூடான புதுக்குழம்பில் 1,000 பங்கும், குளிர்ந்த பழங்குழம்பில் 200 பங்கும் குரோமியம் கரைந்திருக்கிறது, இரண்டுமே தெவிட்டியவை. சம அளவில் கலந்தால் கலவையில் 600 பங்கு இருக்கும். ஆனால் அந்த இடைப்பட்ட வெப்பநிலையில் கரையக்கூடியது 400 பங்கு மட்டுமே என்றால், மிகுதி 200 பங்கும் உடனே குரோமைட்டாக வெளியேறும். தனித்தனியே அமைதியாக இருந்த இரு குழம்புகள் கலந்த கணத்தில் குரோமைட்டு மழை பொழிகிறது.

இவ்விளக்கத்தின் அழகு மறுக்க முடியாதது. எனினும் ஒரு கலப்பில் கிடைக்கும் குரோமைட்டு மிகக் குறைவு. மேற்கண்ட 930 மீட்டர்க் கணக்கை அது எளிதில் தீர்ப்பதில்லை.

அழுத்தத்தை முதன்மைப்படுத்துவோர் வேறொரு வழி காட்டினர். அமெரிக்காவின் இசுடில்வாட்டர் தொகுதியை ஆராய்ந்த லிப்பின், குழம்பறையில் ஏற்படும் திடீர் அழுத்த மாறுதல் குரோமைட்டைப் படியச்செய்யும் என 1993இல் எழுதினார். 2018இல் விட்வாட்டர்சுராண்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரைசு லாத்திப்போவ் குழுவினர் இதை மாற்றியமைத்தனர். அவர்கள் கருத்துப்படி மாறுதல் குழம்பறைக்குள் நிகழ்வதன்று, குழம்பு ஆழத்திலிருந்து மேலெழும் வழியிலேயே நிகழ்வது. அழுத்தம் குறையும்போது சிலிக்கேட்டுக் கனிமங்கள் படிகமாகும் வெப்பநிலை குரோமைட்டின் வெப்பநிலையைவிட மிகுதியாகத் தாழ்கிறது. ஆகவே மேலே வந்து சேரும் சில குழம்புகள், குளிரத் தொடங்கியதும் முதலில் குரோமைட்டை மட்டுமே ஈனும். கலப்பும் தேவையில்லை, மாசும் தேவையில்லை. புசுவெல்டில் குரோமைட்டுப் படுகை குழிகளின் செங்குத்தான சுவர்களிலும், வெளிநோக்கித் துருத்திய விளிம்புகளின் அடிப்புறத்திலும்கூட ஒட்டியிருப்பதை இவர்கள் சான்றாகக் காட்டுகின்றனர். மேலிருந்து விழுந்து படியும் படிகம் கூரையின் அடிப்பக்கத்தில் ஒட்டாது அல்லவா? ஆகவே படிகங்கள் அந்தந்த இடத்திலேயே வளர்ந்தன என்பது இவர்களின் வாதம்.

இதற்கு நேர்மாறாக, பிரிப்பு வேலையைச் செய்தது புவியீர்ப்பே என்போரும் உளர். யாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் சிசிர் மண்டல், அமெரிக்கரான மேத்தெசு ஆகியோர் 2007இல் யூஜி-2 படுகையை ஆராய்ந்து, முன்பே படிகங்களைச் சுமந்து வந்த குழம்பு குழம்பறையில் பரவியபோது கனமான குரோமைட்டு தனியே தங்கியது என விளக்கினர். அரைகுறையாக இறுகிய படிகக் குழைவு சரிந்து வழுக்கும்போது கனிமங்கள் சலிக்கப்படுகின்றன என்பது இக்கூட்டத்தைச் சேர்ந்த மற்றொரு கருத்து. முறத்தில் புடைக்கும்போது உமியும் மணியும் பிரிவதை ஒப்பிடலாம்.

நீரின் பங்கை வலியுறுத்தும் கருத்தும் உண்டு. குழம்பில் நீர் சேர்ந்தால் ஒலிவின், பிளாஜியோகிளேசு ஆகியவை படிகமாகும் வெப்பநிலை வெகுவாகத் தாழ்கிறது. குரோமைட்டை அது அவ்வளவாகப் பாதிப்பதில்லை. விளைவு மீண்டும் அதுவே: சிறிது நேரம் குரோமைட்டுக்குத் தனி அரங்கு கிடைக்கிறது. சித்தம்பூண்டியைப் பொறுத்தவரை மிகவும் கருதத்தக்கது இதுவே.

பிளாட்டினம் உடன் வரும் காரணம்

பிளாட்டினக் குழுவில் ஆறு தனிமங்கள் உள்ளன. அவை ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை. ஓசுமியம், இரிடியம், ருத்தேனியம் ஆகிய மூன்றும் உயர் வெப்பநிலையிலேயே திண்மமாகி, குரோமைட்டுப் படிகங்களுக்குள் நுண்துகள்களாகச் சிறைப்படுகின்றன. வளரும் குரோமைட்டு தன்னைச் சூழ்ந்த குழம்பிலிருந்து மூவிணைதிற இரும்பை ஈர்த்துக்கொள்வதால் அம்மெல்லிய அடுக்கில் ஆக்சிசன் நிலை தாழ்கிறது. அந்நிலையில் இத்தனிமங்கள் கரைசலில் நிற்க இயலாமல் உலோகமாகவோ சல்பைடாகவோ வெளிப்படுகின்றன. ருத்தேனியச் சல்பைடான லாரைட்டு குரோமைட்டுக்குள் அடிக்கடி காணப்படுவதற்கு இதையே விளக்கமாகத் தருவர்.

பிளாட்டினம், பல்லேடியம் ஆகியவற்றின் கதை வேறு. இவற்றைத் திரட்டுபவை, குழம்பில் எண்ணெய்த் துளிகள்போல் பிரியும் சல்பைடு நீர்மத் துளிகள். சிலிக்கேட்டுக் குழம்பைவிடச் சல்பைடுத் துளியை இத்தனிமங்கள் பல்லாயிரம் மடங்கு விரும்புகின்றன. குரோமைட்டைப் படியச்செய்யும் அதே மாற்றங்கள் பல சமயங்களில் சல்பைடையும் பிரியச்செய்கின்றன. எனவே இரண்டும் ஒரே இடத்தில் சேர்கின்றன. பின்னர் குரோமைட்டு, சல்பைடிலுள்ள இரும்பையும் உறிஞ்சிக்கொள்ள, கந்தகம் வெளியேறிவிடும். இதனால் சல்பைடு கண்ணுக்குப் புலப்படாத குரோமைட்டுப் பாறையிலும் பிளாட்டினம் இருக்கக்கூடும். சல்பைடைக் காணவில்லை என்று ஒரு மாதிரியைத் தூக்கி எறிவது தேடுவோர் செய்யத்தகாத ஒன்று.

சித்தம்பூண்டியின் தனித்தன்மை

சித்தம்பூண்டி ஒரு சிறிய புசுவெல்டு அன்று. புசுவெல்டின் குரோமைட்டுப் படுகைகள் பெரும்பாலும் பைராக்சீனைட்டுகளுக்கும் நோரைட்டுகளுக்கும் இடையே அமைந்தவை. சித்தம்பூண்டியிலோ முதன்மைப் பாறை அனார்த்தோசைட்டு. அதிலுள்ள பிளாஜியோகிளேசு கால்சியம் மிக மிகுந்தது, பல இடங்களில் ஏறத்தாழத் தூய அனார்த்தைட்டு. குரோமைட்டும் வேறுபட்டது: அலுமினியமும் இரும்பும் மிகுந்து, குரோமியம் குறைந்து காணப்படுகிறது. குரோமைட்டு மணிகளுக்கு இடையே ஆம்பிபோல் என்னும் நீருடைய சிலிக்கேட்டு பரவலாக உள்ளது. படுகைகளின் தடிப்பு சில சென்டிமீட்டர் முதல் சில மீட்டர் வரை மாறுகிறது. அவையும் தொடர்ச்சியாக இராமல் வில்லைகளாக அறுபட்டுக் கிடக்கின்றன.

இதற்கு நெருங்கிய உறவு மேற்குக் கிரீன்லாந்தின் பிசுக்கெனேசெட்டு தொகுதி ஆகும். ஏறத்தாழ 297 கோடி ஆண்டுப் பழமையுடைய அங்கும் கால்சிய அனார்த்தோசைட்டு, அலுமினியக் குரோமைட்டு, ஆம்பிபோல் மூன்றும் சேர்ந்தே உள்ளன. இவ்விரண்டையும் ஒப்பிட்டோர், நீரும் அலுமினாவும் மிகுந்த பசால்ட்டுக் குழம்பிலிருந்து இவை தோன்றின என்றும், அத்தகைய குழம்பு இன்றைய தீவு வளைவு எரிமலைகளின் அடியில் உருவாவதை ஒத்தது என்றும் கருதுகின்றனர். நீர் மிகுந்த குழம்பில் தோன்றும் பிளாஜியோகிளேசு கால்சியத்தை மிகுதியாக ஏற்கும் என்பது ஆய்வகச் சோதனைகளால் அறியப்பட்டதே. ஆக, வெண்பாறையின் கால்சியமும் கரும்பட்டையின் இருப்பும் ஒரே காரணத்தைச் சுட்டக்கூடும். மேலே கூறிய கருதுகோள்களுள் நீர்க் கருத்து இங்கு வலுப்பெறுவது இதனால்தான்.

ஆனால் இங்கு ஒரு பெரும் தடை உண்டு. உருவான சில கோடி ஆண்டுகளிலேயே, 246 முதல் 248 கோடி ஆண்டுகளுக்கு முன், இத்தொகுதி ஆழத்தில் புதையுண்டு கடும் வெப்ப, அழுத்த உருமாற்றத்துக்கு உள்ளானது. அதில் தோன்றிய கார்னெட்டுக் கனிமத்தை இன்றும் பாறைகளில் காணலாம். உருமாற்றத்தின்போது குரோமைட்டும் அதைச் சூழ்ந்த சிலிக்கேட்டுகளும் இரும்பையும் மக்னீசியத்தையும் தமக்குள் மாற்றிக்கொண்டன. ஆகவே இன்று அளக்கும் இயைபு குழம்பில் பிறந்தபோது இருந்த இயைபு ஆகாது. ஆம்பிபோலும் குழம்பிலேயே பிறந்ததா, உருமாற்றத்தில் வந்ததா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. நீர்க் கருத்து முழுவதும் ஆம்பிபோலை நம்பியிருந்தால் அது ஆட்டம் கண்டுவிடும். பிளாஜியோகிளேசின் கால்சியம் தனிச்சான்றாக நிற்பதால்தான் அது தாங்குகிறது.

இத்தடையைக் கடக்க ஆய்வாளர் கையாளும் வழி எளிது. குரோமியம், அலுமினியம் ஆகிய இரண்டும் இரும்பையும் மக்னீசியத்தையும் போல எளிதில் இடம்பெயர்வதில்லை. செறிந்த படுகையின் நடுவில் உள்ள மணிகளுக்கு அண்டையில் சிலிக்கேட்டு குறைவாதலால் அவை பரிமாற்றத்திலிருந்து பெரிதும் தப்பியிருக்கும். தூவலாகக் கிடக்கும் மணிகளை விடுத்து, செறிந்த படுகையின் நடுவிலிருந்து மாதிரி எடுத்து, அதன் குரோமியம்-அலுமினிய விகிதத்தைக் கொண்டே தாய்க்குழம்பை ஊகிக்கின்றனர்.

பொருளாதாரமும் சுற்றுச்சூழலும்

இந்தியாவின் குரோமைட்டு வளத்தில் 95 விழுக்காட்டுக்கும் மேல் ஒடிசாவில், பெரும்பாலும் சுகிந்தா பள்ளத்தாக்கில் உள்ளது. தமிழ்நாட்டில் 19ஆம் நூற்றாண்டில் சேலத்தை அடுத்த கருப்பூர்ப் பகுதியில் குரோமைட்டு தோண்டப்பட்டது, அது நிலைக்கவில்லை. சித்தம்பூண்டிக் குரோமைட்டுப் பெருஞ்சுரங்கமாக வளராமைக்குக் காரணம் அதன் இயைபே. உலோகவியல் தரக் குரோமைட்டில் குரோமியம் இரும்பைப்போல் 2.8 மடங்காவது இருப்பது மரபான எதிர்பார்ப்பு. சித்தம்பூண்டி அதற்கு மிகவும் கீழே உள்ளது. துருப்பிடிக்கா எஃகுத் தொழில்நுட்பம் மாறியபின் தரம் குறைந்த தாதுவும் உலகில் விலைபோகிறது என்றாலும், மெலிந்து அறுபட்ட படுகைகளைத் தோண்டுவது ஆதாயம் தராது.

எனவே எஞ்சும் நாட்டம் பிளாட்டினம் பற்றியதே. இந்தியா தன் பிளாட்டினத் தேவைக்கு ஏறத்தாழ முற்றிலும் இறக்குமதியையே நம்பியுள்ளது. 2010ஆம் ஆண்டின் தேசியக் கனிம இருப்புக் கணக்கு, நாட்டின் பிளாட்டினக் குழு உலோக வளத்தை 15.7 டன் என மதிப்பிட்டது, அதில் 14.2 டன் ஒடிசாவிலும் 1.5 டன் கர்நாடகத்திலும் உள்ளவை. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை சித்தம்பூண்டியிலும் மேட்டுப்பாளையம் பகுதியிலும் பிளாட்டினத் தேடலை மேற்கொண்டு, குரோமைட்டுப் பாறையிலும் மீக்காரப் பாறைகளிலும் இத்தனிமங்கள் இருப்பதை உறுதிசெய்தது. இருப்பது வேறு, எடுக்கத்தக்க அளவில் தொடர்ந்து இருப்பது வேறு. மடிப்புண்டு அறுபட்ட படுகையில் ஒரு துளையில் கிட்டியது அடுத்த துளையில் கிட்டுவதில்லை.

குரோமைட்டுக்குள் உள்ள குரோமியம் மூவிணைதிறம் உடையது, எளிதில் கரையாதது, பெருந்தீங்கு விளைவிக்காதது. அதைச் சோடாவுடன் வறுத்துக் குரோமேட்டாக மாற்றும்போது உண்டாகும் அறுவிணைதிறக் குரோமியமோ நீரில் கரையும்; நச்சுத்தன்மையும் புற்றுநோய் விளைவிக்கும் தன்மையும் உடையது. இராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட்டு ஆலை ஒன்றின் கழிவுக் குவியல் நிலத்தடி நீரை மாசுபடுத்தியது தமிழ்நாட்டில் நன்கு அறியப்பட்டதாகும். சுகிந்தாவில் சுரங்க நீரிலேயே அறுவிணைதிறக் குரோமியம் காணப்பட்டது. கிணற்றுப் பாசனத்தை நம்பியிருக்கும் நாமக்கல் போன்ற வறண்ட நிலத்தில் எந்தச் சுரங்கத் திட்டமும் இதைக் கணக்கில் கொள்ளவேண்டியிருக்கும்.

நிலவு மண்

சித்தம்பூண்டியின் பெயரைப் பொதுமக்களிடையே பரப்பியது குரோமைட்டும் அன்று, பிளாட்டினமும் அன்று. நிலவின் மேட்டுநிலப் பகுதிகள் கால்சியம் மிகுந்த அனார்த்தோசைட்டால் ஆனவை. சந்திரயான்-2 திட்டத்தின் தரையிறங்கு கலத்தையும் ஊர்தியையும் சோதிக்க இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்துக்கு நிலவு மண்ணை ஒத்த பொருள் பெருமளவில் தேவைப்பட்டது. சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியலாளர்களின் துணையுடன் சித்தம்பூண்டி, குன்னமலை ஆகிய ஊர்களின் அனார்த்தோசைட்டு எடுக்கப்பட்டு, அரைத்துச் சலித்துப் பெங்களூருக்குக் கொண்டுசெல்லப்பட்டது. இத்தயாரிப்பு முறைக்கு 2020இல் இந்தியக் காப்புரிமை கிடைத்தது. 2023 ஆகத்து 23 அன்று நிலவில் இறங்கிய சந்திரயான்-3இன் கலமும் இம்மண்ணில் நடந்த சோதனைகளின் பயனைப் பெற்றது.

நிலவின் அனார்த்தோசைட்டு நீரற்ற குழம்புக் கடலில் இலேசான பிளாஜியோகிளேசு மிதந்து திரண்டதால் உருவானது எனக் கருதப்படுகிறது. சித்தம்பூண்டியினது, மேலே கண்டவாறு, நீர் மிகுந்த குழம்பில் பிறந்தது. கனிமத்தில் ஒற்றுமை இருந்தாலும் பிறப்பு வழி இரண்டுக்கும் வேறானது.